கயிற்றின் மறுமுனை

மே 12
அக்கா கடையில் போர்டு அச்சடித்துச் சலித்துவிட்டது. பல் மருத்துவர், டியூஷன், மறுபடியும் பல் மருத்துவர். கல்லூரியைப் பாதியில் விட்டு வந்தது இதற்கா?

மதியம் ஸ்பிரிங் வந்தார். காசு போட்டு இரும்புப் பந்தைத் தட்டி ஆடும் பழைய பின்பால் மெஷின்களை ரிப்பேர் செய்கிறவர். பெயர் நாங்கள் வைத்தது. கையில் போர்வை சுற்றிய ஒரு கண்ணாடி. மெஷினின் தலையில் நிமிர்ந்து நிற்கும், பின்னால் பல்பு எரியும் படக் கண்ணாடி. குறுக்கே விரிசல். கருநீல வானத்தில் கயிற்றின் மேல் நடக்கிறாள் ஒரு சர்க்கஸ்காரி. கீழே கூட்டம் வாயைப் பிளந்து பார்க்கிறது. நானும்தான்.

"இதே மாதிரி புதுசு வேணும். ஸ்க்ரீன் பிரிண்ட்ல. டிஜிட்டல்ல ஒருத்தர்கிட்ட போட்டேன், சோகை பிடிச்ச மாதிரி வந்துச்சு."

ஸ்க்ரீன் என்றால் சல்லடைத் துணி வழியாக ஒவ்வொரு நிறமாகக் கையால் மை இழுக்கிற வேலை. யாருக்குப் பொறுமை?

"அவருக்குப் போடத் தெரியல. நான் டிஜிட்டல்லயே போட்டுத் தரேன்." வாய் முந்திக்கொண்டது.

அவர் போனதும் அக்கா: "இதைச் சொதப்புனே, காலேஜ் திறக்கிற அன்னைக்கு நானே இழுத்துட்டுப் போய் உள்ள தள்ளிட்டு வருவேன்." சிரிக்கவில்லை.

மே 15
அவள் கால் விரல்கள் கயிற்றைப் பிடித்திருக்கும் விதம்! யார் வரைந்தது? மூலையில் கையெழுத்துகூட இல்லை.

மே 19
புதுக் கண்ணாடி தயார். பழசைவிடப் பளிச். அக்காவே "பரவாயில்லடி" என்றாள். அவள் அகராதியில் அது விருது.

மே 20
மூக்குடைந்தது.
ஸ்பிரிங்கின் பட்டறையில் மாட்டி, சுவிட்சைத் தட்டினார். வானம் முழுக்க விடிஞ்சிடுச்சு. பல்பெல்லாம் உருண்டை உருண்டையா தெரியுது. அவ வெளிறிப்போய்— சே.
திட்டியிருந்தால் தேவலை. "டீ குடிக்கிறியாம்மா?" என்றார்.
அக்காகிட்ட என்ன சொல்றது?

மே 21
பழசைத் திருப்பிக் கொடுக்கப் போர்வையில் குப்புறப் போட்டேன். முதுகில் இருந்த கறுப்பை அழுக்கு என்றே நினைத்திருந்தேன். முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்த அறிவாளி நான்.

அழுக்கில்லை. மை. தார் போட்டது போல. அதில் வேண்டுமென்றே விட்ட ஓட்டைகள்: அவள் முகம், கயிறு, கூட்டத்தில் சில கண்கள். வெளிச்சம் எங்கே போகலாம், எங்கே கூடாது என்று இங்கே இன்னொரு படமே இருக்கிறது!

கயிறு முடிகிற இடத்திலும் ஓர் ஓட்டை. முன்பக்கம் அங்கே ஒன்றுமில்லையே, வெறும் நீலம்.

ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்னாலிருந்து டார்ச் அடித்தேன்.

ஒரு கை.

நீலத்துக்குள்ளிருந்து, விரல் விரித்து, அவளை நோக்கி நீள்கிற கை. கத்தி அக்காவைக் கூப்பிட்டேன். வந்தவள் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டாள். அணைத்தால் வானம். போட்டால் கை. அணைத்து, போட்டு, அணைத்து— பேட்டரி தீரும்வரை.

மே 24
டிஜிட்டல் மெஷினில் இரண்டு முறை கறுப்பு அடித்தும் ஊசி ஊசியாக வெளிச்சம் ஒழுகுகிறது. பைகளுக்கு அச்சடிக்கும் ஸ்க்ரீன் சட்டத்தை அக்கா இழுத்து வந்தாள். "நிறத்தை உன் மெஷின் போடட்டும். இருட்டை நாம போடுவோம்."

ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. படத்துக் கையின் சுண்டுவிரல் ஓட்டை மையில் அடைபட்டுப்போனது. துடைத்தோம். மறுபடி. கயிற்று முனைக்குப் பின்னால் பல்பு எரிகிறதா பாருங்கள் என்று ஸ்பிரிங்கை வேறு போனில் நச்சரிக்கிறேன்.

ஜூன் 2
ஸ்பிரிங் சுவிட்சைத் தட்டினார். வானம் இருட்டாகவே நின்றது. கயிறு எரிந்தது, கண்கள் எரிந்தன, அவள் எரிந்தாள். கை மட்டும் இல்லை.

"இரும்மா" என்று ஆடத் தொடங்கினார். பந்து நழுவி விழுந்தது. அப்போது வந்தது— கை.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "தோத்தவனுக்கு மெஷின் இன்னொரு பந்து குடுக்கும்போது எரியற பல்பும்மா அது. செத்துக் கிடந்துச்சு, எதுக்குன்னு விட்டுட்டேன். நீ நச்சரிச்சதாலதான் நேத்து மாத்தினேன்."

மூன்று பேரும் மாறி மாறி ஆடித் தோற்றோம், அதைப் பார்ப்பதற்காகவே.

ஜூன் 9
இன்று கல்லூரி திறந்தது.
இழுத்துப்போக அக்கா வரவில்லை. "ஸ்பிரிங் இன்னொரு கண்ணாடியோட காத்துட்டிருப்பாரு" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.
வாசலில், என் செருப்பின் மேல், கடைச் சாவி.