தட்டில் நிற்கும் மருதோன்றி

டிசம்பர் 4, திங்கள்

விடிய முன்னமே மழை. வாடைக்காற்று வேறு. எழும்பியதும் முதல் வேலை, மருதோன்றித் தட்டைப் பார்த்தது. போன்சாய் என்று அவர் வளர்த்த மரம். ஒரு சாண் உயரம், நாலு விரல்கூட ஆழமில்லாத தட்டு. கூரைப் பீலி ஒழுகி நேரே அதற்குள்தான் விழுந்திருக்கிறது. ஒரு பக்கத்து மண் முழுக்கச் சீமெந்துத் தரையில். வேர் வெளியே.

தள்ளி வைத்தேன். வீட்டுக்குள் வைக்க ஏலாது. வெளிச்சம் இல்லாவிட்டால் இலை கொட்டும் என்று அவர் சொல்லிச் சொல்லிக் காது புளித்திருந்தது. இப்போது சொல்ல ஆளில்லை.

அவர் மௌத்தாகி முதல் மாரி. நான் இத்தாவில், புருஷன் போனவள் வீட்டோடு இருக்கிற நாலு மாதம் பத்து நாள். கேற்றைத் தாண்ட முடியாது. மரமும் நானும் ஒரே மதிலுக்குள்.

தம்பியிடம் சொல்ல: சீனி, தேங்காய் எண்ணெய், பீலிக்கு ஒட்டுகிற டேப்.

டிசம்பர் 6, புதன்

மழை விடவில்லை. தம்பி றிஸ்வான் சாமான் கொண்டு வந்தான். டேப் மறந்து போச்சாம். வருகிற வழியில், அவரை அடக்கின மையவாடிக்குப் போயிருக்கிறான். நிந்தவூர் பஸ் போகிற மெயின் றோட்டோரம்தான், சுற்றிவர மதில், நிலம் முழுக்க மணல். அவருடைய கபுறு எப்படி என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்.

"ஒரு பக்கம் கரைஞ்சு இரிக்கி ராத்தா. தலைமாட்டு மீசான் கட்டை கொஞ்சம் சாஞ்சிட்டு. கடல் மண் ரெண்டு பேக் போட்டு நிரப்பிட்டு வந்தன்."

மிச்ச மண்ணைத் தட்டுக்குப் போடச் சொல்லித் தந்தான். நல்ல பிள்ளை. நானும் யோசிக்காமல் பரப்பினேன். வெள்ளையாக, பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

நனைந்தால் உடனே தடிமன் பிடிக்கிற மனிசன் அவர்.

டிசம்பர் 10, ஞாயிறு

போட்ட மணல் ஓடிவிட்டது. அது போகட்டும், இலை ஓரமெல்லாம் கருகல். உப்பு. கடலடியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது கூடவா தெரியவில்லை? தலையில் அடித்துக்கொண்டேன். கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினேன். அவருடைய போத்தலால்தான், மூடியில் ஊசியால் துளை போட்டது. வாளியால் ஊற்றியிருந்தால் மிச்ச மண்ணும் போயிருக்கும்.

தம்பியின் பெண்சாதி சாஜிதா சூரை மீன் கறி கொண்டு வந்தாள். நின்று பார்த்தாள். பட்டுப்போனால் விடட்டாம், மருதோண்டிக் கன்று எங்கேயும் வாங்கலாமாம். கறியில் உப்புக் கூட என்றேன்.

இந்தக் கன்றை எங்கே போய் வாங்குவது? கவ்வாத்து பண்ணுகிற இலையை அவரே அம்மியில் அரைப்பார். ஒரு விரலுக்குத்தான் காணும். இவ்வளவு பாடுபட்டு ஒரு விரலா என்று ஏசுவேன். அடுத்த முறை அடுத்த விரல் என்பார். இத்தாவில் மருதோன்றி போடக் கூடாது. போட்டுவிட அவரும் இல்லை.

டிசம்பர் 13, புதன்

கொஞ்சம் வெயில். அவருடைய சாமான் பெட்டியைக் கிளறினேன். ஒலுவில் துறைமுகத்தில் போட் எஞ்சின் திருத்தப் போனபோது கொண்டு வந்த பழைய வலைத்துண்டு கிடைத்தது. இதற்குத்தான் வைத்திருந்தாரோ என்னவோ. கேட்காமல் விட்டேன்.

ஓட்டுத்தூள், வயல் மண், தும்பு எல்லாம் கலந்து வேரை மூடினேன். விளிம்புக்கு அரை விரல் கீழே நிற்கிற மாதிரி அமர்த்தினேன், தண்ணீர் வழிந்து மண்ணைக் கொண்டு போகாமல். கிணற்றுக் கட்டில் பாசி சுரண்டி மேலே ஒட்டினேன். அதன் மேல் வலை, தட்டோடு சேர்த்துத் தூண்டில் நூலால் கட்டு. முடியப் பின்னேரம், அஸர் பாங்கு. முதுகு விட்டுப்போயிற்று.

டிசம்பர் 18, திங்கள்

பெருமழை. நாள் முழுக்க ஜன்னலடியில். தட்டிலிருந்து தெளிந்த தண்ணீர்தான் வடிந்தது. மண் அசையவே இல்லை.

ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. அவரிடம். வேறு ஒருவரிடமும் இல்லை. போனில் படமும் எடுத்து, அவருடைய நம்பரையும் திறந்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. நன்றாக அழுதேன்.

அழுது முடிய ஒரு யோசனை. வேர் இருந்தால் மண் நிற்கும். கபுறில் மணலை எத்தனை தரம் கொட்டினாலும் ஓடத்தான் செய்யும்.

டிசம்பர் 21, வியாழன்

கருகிய இலை உதிர்ந்த இடத்தில் துளிர். அல்ஹம்துலில்லாஹ்.

நல்ல தடித்த கிளையாக ஒன்றை வெட்டினேன். அவர் இருந்தால் கத்தியைப் பறித்திருப்பார். இலையை உருவிவிட்டு, ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். உருவிய இலையைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். மஃரிபுத் தொழுகைக்குக் கை முகம் கழுவி வுழூ எடுக்கும்போது பார்த்தால் பெருவிரல் சிவப்பு. தேய்த்தேன், போகவில்லை. சாஜிதா கண்டால் கேட்பாள். கேட்கட்டும்.

டிசம்பர் 22, வெள்ளி

தூறல். கபுறில் கொட்டின கடல் மண்ணின் உப்பை இத்தனை நாள் மழை கழுவியிருக்கும். ஜும்ஆ முடிந்து தம்பி போய், அந்தத் தடியைக் கபுறின் தலைமாட்டில் நட்டுவிட்டு வந்தான். வேர் பிடிக்கும் வரைக்கும் மணல் நிற்க, மிச்ச வலையையும் கொடுத்து அனுப்பியிருந்தேன். விரித்து, சுற்றிவரக் கல் வைத்தானாம்.

எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போகிற வழக்கமில்லை. இத்தா முடிந்தாலும் நான் அங்கே போகப் போவதில்லை. அது அவனுக்கும் தெரியும். என் மனம் ஆறட்டும் என்றுதான், மரம் வளர்ந்தால் மச்சான் வைத்திருந்த மாதிரியே சின்னதாக, வடிவாக வெட்டிவிடுவேன் என்றான்.

"வெட்டாத தம்பி. மதிலுக்கு மேலால வளரட்டும். நிந்தவூர் பஸ்ஸுல போகக்குள்ள எனக்குத் தெரியணும்."