புங்க மரத்தடியை உனக்குக் கொடுத்தேன், அக்கா

எனக்கு முன்னால் பிறந்து, எல்லாவற்றிலும் எனக்கு முன்னாலேயே போய்விட்ட மேகலா அக்காவுக்கு,

அன்று பாலாற்றங்கரையில் அந்தப் புங்க மரத்தடியில் நின்று, "இந்த எடம் எப்பிடிடீ கெடச்சிது உனக்கு? இங்கயே வெச்சிக்கலாம்" என்று நீ சொன்னபோது, நான் சொல்லாமல் விட்டது இதுதான்: இது என் இடம், இதை உனக்குத் தர எனக்கு மனமில்லை. சொல்லவில்லை. "நல்லாருக்குது இல்ல?" என்று மட்டும் கேட்டேன். நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். அந்தப் பிடியில் இருந்த சந்தோஷம்கூட எனக்காக இல்லை என்று அப்போதே தோன்றியது.

எவ்வளவு தேடினோம், ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவள், எங்கேயாவது ஓர் அறைக்குள் மாலை மாற்றிக்கொண்டு போக வேண்டியதுதானே. உனக்கு அது ஆகவில்லை. "திருடி மாரி ரூமுக்குள்ள நின்னு தாலி கட்டிக்க மாட்டேன். வானம் தெரியணும், தண்ணி இருக்கணும், நம்ம தெரு ஆளு ஒருத்தருகூட இருக்கக் கூடாது" என்றாய். மூன்றையும் காஞ்சிபுரத்தில் ஒன்றாகக் கேட்ட ஒரே பெண் நீயாகத்தான் இருப்பாய்.

ஏனென்றால் இங்கே அழகான இடம் எதுவாக இருந்தாலும் அதில் ஒரு சாமி உட்கார்ந்திருக்கிறது. சாமி இருக்கிற இடத்தில் நம் தெரு ஆள் யாராவது இருப்பார். திருப்புட்குழிக் குளத்தங்கரை பிடித்திருக்கிறது என்றாய். நம் எதிர்வீட்டுக்காரர் அங்கே சனிக்கிழமை தவறாமல் போகிறவர் என்று நினைவுபடுத்தினேன். ஒரு மாந்தோப்பு பார்த்தோம். தோப்புக்காரர் அப்பாவின் தறிக்குப் பாவு நூல் வாங்கித் தருகிற முதலாளியின் மச்சான். நீ கட்டிக்கொள்ளப்போகும் கதிர் மகாபலிபுரம் கடற்கரையின் படம் ஒன்றைப் போனில் அனுப்பினான். "ஊரே அங்க தான்டா இருக்கும்" என்று நீ அவனைத் திட்டியபோது, நீ அவனை 'டா' போட்டுப் பேசி நான் முதல்முறையாகக் கேட்டேன். என்னை 'டீ' போட்டுப் பேசுவாய். அதுவரைக்கும் அது எனக்கு மட்டுமே கிடைத்துவந்த உரிமை.

கதிரைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை. மாதாமாதம் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப்போன பரிசோதனைக் கூடத்துப் பையன் அவன். அப்பாவுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். "ஊசி போடறதே தெரில பா, பூ மாரி இருக்குது உன் கை" என்பார். அந்தக் கையைத் தன் பெண் பிடிப்பாள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். அவன் ஊரின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்பது அப்பாவுக்குத் தெரியும். ரத்தம் எடுக்க அது தடையாக இல்லை. பெண் கொடுக்கத் தடை.

அந்த மரத்தடி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று நீ கேட்டாய், நான் பதில் சொல்லவே இல்லை. கல்லூரி முடித்துவிட்டு வேலைத் தேர்வுகளுக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் நூலகத்துக்குப் போகும் நாட்களில், பாதி நாள் நூலகத்தில் இருக்க மாட்டேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டையில் இறங்கி, ஆற்றை நோக்கி நடந்துவிடுவேன். ஒருவர் காதுக்குள் ஒருவர் வாழ்கிற தெருவில், சத்தமில்லாமல் ஒரு பக்கம் படிக்க எனக்கு வாய்த்த ஒரே இடம் அது. அங்கே நான் யாருடைய மகளும் இல்லை, யாருடைய தங்கையும் இல்லை. அந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருந்ததால் பங்குனியிலும் ஆற்றின் ஓரமாகத் தண்ணீர் ஓடியது. புங்கம்பூ பொரி மாதிரிக் கொட்டிக் கிடந்தது.

அதை உன்னிடம் காட்டியதற்கு ஒரே காரணம், உனக்கு வேறு எதுவும் பிடிக்கவில்லை. நீ பிடிபட்டால் அப்பா என்ன செய்வார் என்று எனக்குப் பயமாக இருந்தது. சித்தப்பா மகளுக்கு நடந்தது உனக்கும் நடந்துவிடும். அவசரமாக ஒருவனைப் பார்த்துக் கட்டிவைத்து, ஆரணிப் பக்கம் அனுப்பிவிடுவார்கள். அதனால் கொடுத்தேன். மனதாரக் கொடுத்தேன் என்று சொன்னால் நீயே சிரிப்பாய்.

நாம் பார்க்கப் போன அன்று கதிரும் பைக்கில் வந்தான். நான் கண்டுபிடித்த இடத்தை அவனுக்குக் காட்டும் பெருமை ஒன்றாவது எனக்கு மிஞ்சும் என்று நினைத்திருந்தேன். அவன் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இது எங்க ஊர் ஆத்தங்கரைதான்பா. எங்கம்மா இங்கதான் கோரை அறுத்துக்கினு இருந்துது. மதியானம் இந்த மரத்துல தான் எனக்குத் தூளி கட்டி வெச்சிருக்கும்."

நீ அவனை அப்படியொரு பார்வை பார்த்தாய். நான் ரகசியமாக உட்கார்ந்து படித்த நிழலில் அவன் தொட்டிலில் தூங்கியிருக்கிறான். இடத்தின் மேல் எனக்கு என்ன பாத்தியதை? ஆனால் பொறாமை நியாயம் கேட்டுக்கொண்டா வருகிறது?

இருந்தும் யோசனை சொன்னது நான்தான் என்பதை இன்றைக்கும் விட்டுத்தர மாட்டேன். ஆற்றங்கரைக்கெல்லாம் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட் என்று ஜோடிகள் வரத் தொடங்கியிருந்த சமயம். "மாலையும் கழுத்துமா நில்லுங்க, கூட ஒருத்தர் கேமரா வெச்சிக்கினு நிக்கட்டும். பாக்கறவன் ஷூட்டுன்னு நெனச்சிக்கினு போயிடுவான்" என்றேன். கதிர் கையெடுத்துக் கும்பிட்டான். "படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்" என்றான். அவனுடைய இரண்டு நண்பர்கள் சாட்சி, அதில் ஒருவனிடம் கேமரா. பிறகு பதிவு அலுவலகம். எல்லாம் முடிவாயிற்று. என் இடமும் என் யோசனையும் இருந்தன; நான் மட்டும் அங்கே இருக்க முடியாது. அதையும் நீதான் சொன்னாய், தலையைக் குனிந்துகொண்டு: "நீ தறியில இருந்தாதான்டீ நான் போவ முடியும்."

நம் வீட்டில் அப்பா முன்கட்டுத் தறியில், நாம் பின்கட்டில். அவருக்கு நம்மைப் பார்க்க வேண்டியதில்லை, காதில் விழுந்தால் போதும். கொஞ்சம் சத்தம் நின்றால், "இன்னாமா, தூங்கிட்டீங்களா?" என்று அங்கிருந்தே குரல் வரும். பின்கட்டுத் தறி ஓடிக்கொண்டிருக்கும் வரைக்கும் நீ வீட்டில் இருக்கிறாய் என்று அர்த்தம். அதனால் நான் உன் தறிக்குழியில் கால் போட்டு உட்கார்ந்து உன்னைப் போல் நெய்ய வேண்டும். நீ கொல்லைக் கதவு வழியாகப் போனாய். போகும்போது என் தலையில் கை வைத்தாய். திரும்பிப் பார்க்கவில்லை.

நெசவுக்காரி பெற்ற இரண்டு பேர் சேர்ந்து திட்டம் போட்டோம், ஆனால் ஒன்றை மறந்துவிட்டோம். தறியில் இருந்தது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் கோத்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஊடை நூலை எடுத்துப்போகிற நாடாவை நீ உடலுக்குப் போடுவாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போடுவேன். இத்தனை வருடமும் அப்படித்தான். யார் எங்கே நிற்பது, யார் படம் எடுப்பது என்றெல்லாம் யோசித்த நமக்கு, ஒருத்தி போனால் மற்றவளால் தனியாகக் கோர்வை ஓட்ட முடியாது என்பது மட்டும் உறைக்கவே இல்லை. ஒருத்தியை ஒருத்தி அவ்வளவு பழகியிருந்தோம் போல.

எட்டி எட்டி இரண்டு நாடாவையும் நானே போட்டேன். உடலுக்கு ஒன்று, அப்புறம் சாய்ந்து கரைக்கு ஒன்று, அப்புறம் மிதி. தறி விட்டுவிட்டுத் தட்டியது. வேர்த்துக் கொட்டியது.

முன்கட்டிலிருந்து குரல் வந்தது. "இன்னாமா, தறி நொண்டிக்கினு ஓடுது?"

அவருக்கு எப்போதும் பதில் சொல்கிறவள் நீ. உன் குரலில் பேச எனக்கு வராது. அப்போது அம்மா அடுப்படியிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நூல் அறுந்துடுச்சி, முடி போட்டுக்கினு இருக்குதுங்க" என்று முன்கட்டைப் பார்த்துக் கத்தினாள். பிறகு என்னிடம் மெதுவாக, "தள்ளிக் குந்து" என்றாள்.

என் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைக் கையில் எடுத்தாள். நான் உடலுக்குப் போட்டேன், அவள் கரைக்குப் போட்டாள். தறி சீராக ஓட ஆரம்பித்தது. முன்கட்டுத் தறியும் ஓட ஆரம்பித்தது. அப்புறம் அம்மா கேட்டாள்:

"போய்ச் சேந்திருப்பாளா?"

எனக்குக் கை நின்றுவிட்டது.

"கைய நிறுத்தாதடீ. அந்தப் புங்க மரத்துல நெழல் இருக்குதா? அவளுக்கு வெயில் ஆவாது, மயக்கம் வந்துடும்."

அக்கா, புங்க மரம் என்று அம்மா சொன்னாள். அப்படியென்றால் நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய். எப்போதோ, எனக்குத் தெரியாமல், ஒருவேளை எனக்கும் முன்பாகவே. உன் ரகசியத்தை உலகத்தில் தாங்கிக்கொண்டிருப்பவள் நான் ஒருத்திதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். இடம் போனது, நீ போனாய், கடைசியில் ரகசியமும் என்னுடையதில்லை. அம்மாமேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவளோ என் பக்கத்தில் உட்கார்ந்து, பெற்ற பெண்ணின் கல்யாணத்துக்கு வந்த மாதிரி, ஒவ்வொரு நாடாவாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் அங்கே இல்லையே என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.

கல்யாணக் கதையை நீ மறுநாள் போனில் சொன்னாய். நாம் நினைத்தபடி யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் நிஜமாகவே ஷூட்டுக்கு வந்த ஒரு கூட்டம் அதே மரத்துக்குச் சண்டைக்கு வந்துவிட்டது.

"அண்ணா, இது எங்க ஸ்லாட். லைட் போயிடும், ஜல்தி நகருங்க" என்று அந்தப் போட்டோக்காரன் கத்தினானாம். தாலி கட்டி முடித்த கையோடு கதிர், "ரெண்டு நிமிஷம் குடுப்பா" என்றானாம். அந்த மணப்பெண் உன்னைப் பார்த்து, "உங்களுக்கு எப்பக்கா மேரேஜ்?" என்று கேட்க, "இப்பதாம்மா முடிஞ்சிது" என்று நீ சொன்னாயாம்.

"அந்தப் பொண்ணு என்னையே பாத்துக்கினு நின்னுதுடீ. 'குடுத்து வெச்சவங்கக்கா நீங்க'ன்னுச்சி. அது கட்டியிருந்தது பட்டே இல்ல, தெரியுமா?" என்று சொல்லிச் சிரித்தாய். முன்பின் தெரியாத அவளுக்கே உன்மேல் பொறாமை வந்திருக்கிறது. எனக்கு வந்ததில் என்ன ஆச்சரியம்? அவளாவது உன்னை மாலையோடு பார்த்தாள். நான் போனில், விரல் நீளப் படத்தில் பார்த்தேன். படத்தில் உன் தலைமேல் பூ விழுந்திருந்தது.

"அம்மாகிட்ட இன்னாத்துக்கு சொன்னே?" என்று கேட்டேன். "அது அம்மாடீ" என்றாய். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. நான் யார் என்று கேட்டிருக்க வேண்டுமோ?

அதற்கப்புறம் உனக்குக் கிடைத்தது இரண்டு வருடம். நீ டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒவ்வொரு நாளும் உன் ரத்தத்தைக் கதிரே எடுத்துக்கொண்டு போனான். தட்டணு எண்ணிக்கை இறங்க இறங்க முதலில் தெரிந்தது அவனுக்குத்தான். எங்களிடம் சொல்லாமல் தனியாகவே அதைச் சுமந்தான். அதற்கும் எனக்கு அவன்மேல் பொறாமை வந்தது என்றால் நீ நம்புவாயா? உன் கையைக் கடைசியாகப் பிடித்திருந்ததும் அவன்தான். நான் தண்ணீர் பாட்டில் வாங்கக் கீழே போயிருந்தேன்.

இங்கே செய்தி என்ன என்று கேட்பாய். எனக்கு ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. சத்தமில்லாமல் படிக்கச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஆற்றங்கரையில் இப்போது டீக்கடை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜோடிகள் வரிசையில் நிற்கிறார்கள். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே திரும்பிவிட்டேன். அம்மா கதிரோடு வாரம் ஒருமுறை போனில் பேசுகிறாள். அப்பாவுக்கு இப்போது வேறொருவர் வந்து ரத்தம் எடுக்கிறார். அவர் கை முரடு என்று அப்பா குறை சொல்கிறார். யாரோடு ஒப்பிட்டுச் சொல்கிறார் என்று நாங்கள் கேட்பதில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பொறாமையை விட்டுவிடுகிறேன் என்பதல்ல. அதை விட்டால் உன்னிடம் சண்டை போட எனக்கு வேறு வழியில்லை. எனக்கென்று ஒருவன் வந்தால், அவன் எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும், அப்பாவின் தறிக்கு முன்னால் நின்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போவேன். அம்மா அன்று எங்கே இருக்க ஆசைப்படுகிறாளோ அங்கே இருப்பாள்.

உன்னை எடுத்த அன்று நடந்ததை நீ பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். அப்பா வந்தார். கதிர் வீட்டுத் தெருமுனை வரைக்கும் ஆட்டோவில் வந்து, வேலியோரம் வெயிலில் நின்றார். கதிர் உள்ளேயிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டு, "உக்காருங்க மாமா" என்றான். அப்பா உட்காரவில்லை. உன்னைத் தூக்கும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார். அம்மா போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

உனக்குப் பின்னால் பிறந்து, இன்னும் உன் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும்
உன் தங்கை