பெட்டியை முதலில் கேட்டவன்

அன்புள்ள வினோலியா,

உன் வலது கை எப்படி இருக்கிறது? வீக்கம் வடிந்ததா? கடிதம் என்றால் நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். போனில் அந்த ஒழுங்கு எனக்கு வரவில்லை. அதனால்தான் மஸ்கட்டிலிருந்து எழுதுகிறேன். நான் நலம்.

திண்டுக்கல்லில் மழை கொட்டி வீடு ஒழுகுகிறது என்று நீ சொன்னதும், "புத்தகப் பொட்டி நனைஞ்சிருச்சா?" என்றுதான் கேட்டேன். பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்த்த விண்வெளிப் போர்க் கதைகள் அல்லவா! "ஒரு பொட்டுகூட நனையல. போதுமா?" என்று போனை வைத்துவிட்டாய். நான் நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

நேற்று உன் தம்பி பிராங்கிளின் பேசினான். "மச்சான், ஒங்க ராக்கெட்டுப் பொட்டியப் பரண்ல ஏத்தப் போயித்தான் அக்கா வழுக்கி விழுந்துச்சு. கையில மாவுக்கட்டு. ஒங்ககிட்டச் சொல்லலையாக்கும்?" என்றான். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அறை நண்பர்கள் முன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

காயம்பட்ட ஒரே ஒரு சிப்பாய்க்காக விண்கலப் படையையே திருப்பிய தளபதியின் கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் எனக்குக் கண் கலங்கும். நீ வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாய்.

ஊரிலிருந்து கிளம்பும்போது நான் பெட்டிமேல் போர்த்திவிட்டு வந்த தார்ப்பாயை எடுத்து, நீ படுக்கும் பக்கம் ஓட்டின்மேல் விரிக்க வேண்டும். பிராங்கிளினை ஏறச் சொல், நீ ஏறாதே. புத்தகம் நனைந்தால் நனையட்டும்.

கம்பெனி வேன் வந்துவிட்டது. இடது கையால் இரண்டு வரி கிறுக்கி அனுப்பு. திட்டியே எழுது.

உன்
செபஸ்தியான்