மதில்மேல் மூட்டை

மாசி 8, செவ்வாய்

காலையில் நல்ல குளிர். ஓசூர்க் குளிர் மாசியிலும் விடுவதாக இல்லை. பாப்பாவுக்கு ஒட்டுத்துணி மெத்தை ஆரம்பம். அடியில் அவருடைய பழைய வேட்டி. மேலே அளவும் கிடையாது, வரிசையும் கிடையாது. கிடைத்த கோணல் துண்டு கிடைத்த இடத்தில். எனக்குப் பிடித்ததே அதுதான்.

தையற்கடை பாத்திமா அக்கா கொடுத்த வெட்டுத்துணி போதவில்லை. பக்கத்து வீட்டுக் கௌரம்மாவும் தருவதாகச் சொல்லியிருந்தாள். போய்க் கூப்பிட்டேன். கதவைத் திறக்காமலே, "மனேகெ அம்மா பந்தவ்ரே, ஒளகெ பரபேடி" என்றாள். வீட்டுக்கு அம்மா வந்திருக்கிறார்கள், உள்ளே வராதீர்கள். எனக்கும் கன்னடம் வந்துவிட்டது! மாலூரிலிருந்து அவள் அம்மா வந்திருப்பார். மடி ஆசாரம் போல.

மதில்மேல் துணி மூட்டை. எனக்குத்தான் என்று எடுத்து வந்தேன். பிரித்தால் நல்ல நல்ல பாவாடை. இதையா வெட்டக் கொடுத்தாள்? தாராள மனசு.

மாசி 10, வியாழன்

வெயில். மெத்தை பாதி ஆயிற்று. ஊதாப் பாவாடைத் துண்டுக்குப் பக்கத்தில் அவருடைய கண்டக்டர் காக்கி. பார்க்கச் சிரிப்பு. பாப்பா அதன்மேல் குப்புற விழுந்து ஓரத்தைச் சப்பிக்கொண்டே தூங்கிவிட்டது.

ஓசூர் மைசூர் ராஜ்யத்துக்குப் போகுமா, சேலத்தோடு இருக்குமா என்று பஸ்ஸில் சண்டையாம். அவர் வந்து சொன்னார். து. பருப்பு வாங்க வேண்டும். ஊசி ஒன்று காணோம்.

மாசி 11, வெள்ளி



கிணற்றடியில் பாத்திமா அக்காவிடம் கௌரம்மாவின் தாராளத்தைச் சொன்னேன். அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"எந்த அம்மாவச் சொல்ற நீ? அவங்கம்மா எப்பவோ போய்ச் சேந்துட்டாங்களே! கௌரம்மா பொண்ணுக்குப் பெரியம்மை போட்டிருக்குது. அவங்க அந்தப் பேரச் சொல்ல மாட்டாங்க. அம்மான்னுதான் சொல்லுவாங்க."

எங்கள் ஊர் கல்லாவியில் 'முத்து போட்டிருக்குது' என்போம். பெற்ற தாயைச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். வாசலில் வேப்பிலை கூட இருந்தது. கண் எங்கே போயிற்று எனக்கு?

ஓடிப்போய் மதிலோரம் நின்று கேட்டேன். கௌ. அந்தப் பக்கமிருந்தே அழுதாள். "ஐயோ அக்கா, அது வெளுக்கப் போட வச்சது. பொண்ணு கட்டிட்டிருந்தது."

பாப்பாவுக்கு இன்னும் அம்மை குத்தவில்லை. போன மாதம் சளி என்று தள்ளிவைத்தார்கள். அந்த ஓரத்தைச் சப்பியதே!

பாவாடைத் துண்டுகளை மட்டும் பிரிக்கலாம் என்று உட்கார்ந்தேன். எதைப் பிரிக்க? கோணல் மாணலாக எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. மொத்தமாகக் கொல்லையில் எரித்தேன்.

மாசி 12, சனி

அவர் லீவு சொல்லிவிட்டு அம்மை குத்துகிறவரைக் கூட்டி வந்தார். பாப்பாவுக்குக் குத்தியாயிற்று. அவரும் குத்திக்கொண்டார். "உங்களுக்குமா?" என்று கேட்டார் வந்தவர். சின்ன வயதில் குத்திய தழும்பைக் காட்டினேன். "பழசாச்சே, இன்னொரு தரம் குத்திக்குங்க." பாப்பா கத்திய கத்தலில் எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

மாசி 18, வெள்ளி

பாப்பாவுக்குக் காய்ச்சல். குத்தினதால் வந்ததா, அதுவேதானா? பயம். பயம். சோறு இறங்கவில்லை. துணியை விலக்கி விலக்கி உடம்பைப் பார்க்கிறேன். முதுகில் ஒரு சிவப்பு. அலறிவிட்டேன்.

"கொசுடி, கொசு கடிச்சது" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

மாசி 21, திங்கள்

காய்ச்சல் விட்டது! குத்தின இடம் பொருக்கு கட்டுகிறது. என்னைப் பார்த்துச் சிரித்தது. உட்கார்ந்து நன்றாக அழுதேன். கௌ. பெண்ணுக்கும் தேறி, தலைக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறார்களாம்.

இடுப்பு வலி. நேற்று வீடு முழுக்கத் துவைத்தேன் அல்லவா.

மாசி 22, செவ்வாய்

இது துவைத்ததால் வந்த வலி இல்லை. மண்டை பிளக்கிறது. உடம்பு கொதிக்கிறது. விடிந்ததிலிருந்து பாப்பாவைத் தொடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் சொன்னேன். 

பாப்பா கல்லாவிக்கு, அண்ணி வீட்டுக்கு. அண்ணிக்கும் கைக்குழந்தை, பால் கொடுப்பாள். அங்கே எல்லோருக்கும் போன மாசம்தான் குத்தினார்கள்.

"ஒரு தரம் பாக்கிறியா? ஜன்னல்கிட்ட கொண்டாரேன்" என்றார்.

வேண்டாம் என்றேன். பார்த்தால் கையை நீட்டும். நானும் நீட்டுவேன்.

தெருமுனை வரை அழுகை கேட்டது. பால் கட்டி ரவிக்கையெல்லாம் நனைந்துவிட்டது.