நாற்பது நாள் பத்தியம்

மதினி,

இன்று காலையில் அண்ணன் வயிற்றுக் கட்டைப் பிரித்தேன். மருந்து வாடை குப்பென்று வந்ததும் உங்கள் நினைப்புதான். உங்கள் வீட்டுக்காரருக்கும் வயிற்றில் ஆபரேஷன் ஆகிவிட்டது, குடலிறக்கம். ஒரு மாசம் ஆகியும் தையலின் ஓர் ஓரம் மூடவில்லை. சர்க்கரை உங்களுக்கு மட்டும்தான் என்று பெருமை பேசுவாரே, அவருக்கும் இருக்கிறது.

உங்கள் புண் இதைவிட மோசம். அறுபத்தெட்டு வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பத்தாம் நாள் தையல் விட்டுக்கொண்டது. கட்டு மாற்ற ஒரு நாள் விட்டு ஒரு நாள் அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸில் போவோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இந்த ரோட்டப் போட்டவன் மட்டும் என் கையில கெடச்சான்..." என்பீர்கள். சிரித்தாலும் வலிக்கும், சிரிப்பீர்கள்.

வீட்டில் மேலத்தெருப் பெரியம்மா வைத்ததுதான் சட்டம். முட்டை ஆகாது, கறி மீன் ஆகாது, பருப்புகூட ஆகாது. தின்றால் சீழ் வைக்குமாம். நாற்பது நாள் ரசஞ்சோறும் கஞ்சியும். பார்க்க வந்தவர்களெல்லாம் சர்க்கரைக்காரிக்குப் பன் பாக்கெட் வாங்கி வந்தார்கள், கூத்தைப் பாருங்கள்! அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நீங்கள் துரும்பாக இளைத்தீர்கள், புண் மட்டும் அப்படியே கிடந்தது.

நாற்பது நாள் முடிந்தும் புண் மூடவில்லை என்று பெரியம்மா பத்தியத்தை நீட்டினார். கட்டுப் போடும் சிஸ்டர்தான் ஒருநாள் என்னிடம் கத்தினார். "புண்ணு மூடணும்னா சதை வளரணும்மா. ரசத்துலயா சதை வளரும்? டாக்டர் முட்டை குடுக்கச் சொன்னாரே, குடுக்குறீங்களா இல்லையா?"

எனக்கு அப்போதுதான் தெரியும். மறுநாள் என் வீட்டில் இரண்டு முட்டை அவித்து, தூக்குவாளியில் போட்டு, மேலே கஞ்சியை ஊற்றி எடுத்து வந்தேன். பெரியம்மா வாசலில் காவல். நீங்கள் கையை விட்டுத் துழாவிவிட்டு, "என்னத்தா, இன்னைக்குக் கஞ்சி கட்டிதட்டிப் போச்சு?" என்று கண்ணடித்தீர்கள். தினமும் அதே கஞ்சிதான். மாத்திரையும் கட்டும் ஒருதடவைகூடத் தப்பவில்லை. இரண்டு மாசத்தில் புண் அடியிலிருந்து சதை வைத்து மூடிவிட்டது.

"பாத்தியா, பத்தியம் கைவிடல" என்றார் பெரியம்மா. உங்களுக்குப் பொறுக்குமா? "பத்தியமா? முட்டை பெரியம்மா, முட்டை!" என்று போட்டு உடைத்துவிட்டீர்கள்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் நன்றாக நடமாடினீர்கள். ஒரு காலையில் நெஞ்சு வலித்தது, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் போய்விட்டீர்கள். பதினாறாம் நாள் விசேஷத்தில், சொந்தபந்தமெல்லாம் இருக்கும்போது பெரியம்மா என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "இவதான் முட்டையக் குடுத்தே கொன்னுட்டா."

நான் எழுந்துவிட்டேன். "ஆமா, நாந்தேன் குடுத்தேன். புண்ணு ஆறுச்சா இல்லையா? நூறு தடவ கேட்டாலும் நூறு தடவ குடுப்பேன்" என்றேன். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மதினி. சொல்லவில்லை.

இன்று கட்டு மாற்றி முடித்து, தட்டில் இரண்டு முட்டையை வைத்தேன். பெரியம்மா பன் பாக்கெட்டோடு வந்து நின்றார். "திங்காதப்பா! உம் பொஞ்சாதிய மறந்துட்டியா?"

அண்ணன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "மறக்கல. அவ புண்ணு இதுலதேன் ஆறுச்சு. மொத வாரமே முட்டை குடுங்கன்னு டாக்டரு எங்கிட்டச் சொல்லிட்டாரு. ஊரு வாய்க்குப் பயந்து நாந்தேன் அவளப் பட்டினி போட்டேன்" என்று சொல்லிவிட்டு முட்டையை எடுத்தார்.

முதல் வாரமே! "இத அன்னைக்கே சொல்லியிருக்கணும்ணே" என்றேன். அவர் அழுதுகொண்டே தின்றார். பெரியம்மா எப்போது போனார் என்று நான் கவனிக்கவில்லை.

அவர் புண்ணை ஆற்றிவிடுவேன் மதினி, சந்தேகமே வேண்டாம். கட்டு மாற்றுவதிலும் சாப்பாட்டிலும் ஒரு குறை வைக்கமாட்டேன். ஆனால் அந்த நாற்பது நாள் நீங்கள் பசித்துக் கிடந்தீர்களே, அந்தக் கோபத்தை மட்டும் ஆற விடமாட்டேன்.