விழாத வெள்ளைச் சீலை

நேற்றுப் பின்னேரம் முரசுமோட்டையில் உங்கள் நாடகம் நீங்கள் இல்லாமல் முதன்முறையாக மேடையேறியது, ரீச்சர். மண்டபம் நிறைந்த சனம். மேடையில் பிடிக்கிற வெள்ளைச் சீலையின் ஒரு தலைப்பை நான் பிடித்தேன். உங்கள் தலைப்பை உங்கள் பெறாமகள் பிடித்தாள்.

இன்று காலை கடையைத் திறந்து அந்தச் சீலையை மடிக்க எடுத்தேன். புதுத்துணியின் கஞ்சி வாசம் போய், முகப்பவுடரும் வியர்வையும் மணக்கிறது. தோய்க்கப் போட மனம் வரவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

நீங்கள் என்னை முதலில் கண்ட காலத்தில் நான் புடவைக்கடைக்காரி இல்லை. சந்தியில் தகரக் கொட்டில் ஒன்று. வெற்றிலை, சோடா, பேப்பர் விற்றேன். போர் முடிந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்த நேரம். ஒருநாள் பேப்பரின் முன்பக்கத்தில் அந்தப் படம் வந்தது. பிடிபட்ட பெடியன் ஒருவன், கைகளைப் பின்னால் கட்டி, உடுப்பில்லாமல் முழங்காலில் இருந்தான். சுற்றிவரச் சப்பாத்துக் கால்கள். காவலுக்கு நின்ற ஒருவனே கைத்தொலைபேசியில் எடுத்தது, எப்படியோ வெளியே வந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். படம் உண்மையா பொய்யா என்று ரிவியில் பெரிய மனிதர்கள் சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டையில் பேப்பர் பறந்தது. நான் ஏஜென்றுக்குப் போன் போட்டு இன்னொரு கட்டு எடுப்பித்தேன். முகம் தெரிகிற மாதிரி கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். கண்ணில் படுகிறதுதான் விலைப்படும், அது எனக்குத் தெரிந்த யாவாரம்.

நீங்கள் சைக்கிளை ஸ்ராண்டில் விடாமலே நின்றீர்கள்.

“எத்தினை பேப்பர் கிடக்கு?”

“இருபது இருக்கும், ரீச்சர்.”

“எல்லாத்தையும் தாரும்.”

“என்ன, பள்ளிக்கூடத்திலை பட்டம் கட்டப் போறியளோ?” என்று பகிடி விட்டேன்.

கயிற்றில் தொங்கியதை நீங்களே கழற்றி, படம் உள்ளே போகிற மாதிரி மடித்தீர்கள். “என்ரை தம்பி” என்றீர்கள்.

நான் காசை வாங்கிவிட்டேன், ரீச்சர். கை பழக்கத்தில் நீண்டுவிட்டது. நீங்கள் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அதன்பிறகு மைக் பிடித்தவர்கள் உங்கள் வீட்டு முற்றத்தை மிதித்தார்கள். “அவனுக்கு இடுப்பிலை ஒரு சாரத்தையாவது கட்டிப்போட்டுப் படத்தைப் போடுங்கோ, ராசா” என்று உங்கள் அம்மா கெஞ்சியதையும் எடுத்து ரிவியில் போட்டார்கள். இரண்டு கிழமையில் வேறு செய்தி வந்தது. தம்பி எங்கே என்று கேட்க ஒரு மைக்கும் வரவில்லை. தம்பியும் வரவில்லை.

பல வருடம் கழித்து, நான் புடவைக்கடை போட்ட பிறகு, நீங்கள் அதை நாடகமாக எழுதினீர்கள். ஒத்திகைக்கு என் துணி ஸ்ரோரைக் கேட்டீர்கள், தந்தேன். முதல்நாளே கைதியாக நடித்தவனின் மேற்சட்டையைக் கழற்றச் சொல்லி, கையைக் கட்டி, எங்களைப் பார்த்து முழங்காலில் இருத்தினீர்கள். அதே படம். என் வாய் சும்மா கிடக்கவில்லை.

“ரீச்சர், இதைத்தானே நானும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டனான்.”

“நடந்ததைச் சனம் பாக்க வேணும்.”

“பாத்தவைதானே! ரெண்டு கட்டு வித்தனான்.”

“துணி அளக்கிற உமக்கு நாடகத்தைப் பற்றி என்ன தெரியும்?”

கோபித்துக்கொண்டு போனவர் மூன்றாம் நாள் கடைவாசலில் நின்றீர்கள். “முதலாளியம்மா, வெள்ளைத்துணி கிடக்கோ? நாலு யார் அளந்து வெட்டித் தாரும்.”

எங்கள் கூத்தில் ராசா வரும்போது இரண்டு பேர் சீலை பிடிப்பார்கள். அதற்குப் பின்னால் அவர் ஆடி முடிய, சீலையை விடுவார்கள். அப்போதுதான் சனம் முகத்தைக் காணும். அந்தச் சீலையைத்தான் கைதிக்கு முன்னால் பிடிக்கப்போவதாகச் சொன்னீர்கள். ஆனால் விடுவதில்லை.

“ஒரு பக்கம் நான். மற்றப் பக்கம் நீர்.”

“எனக்கு நடிப்பு வராது, ரீச்சர்.”

“ஆர் உம்மை நடிக்கச் சொன்னது? கை நோகும், அவ்வளவுதான்.”

நொந்தது. முதல் மேடையேற்றத்தில் சீலைக்குப் பின்னால் அடி விழுகிற சத்தம் ஓய்ந்து கனநேரம் நின்றோம். சனம் முகத்தைக் காணக் காத்திருந்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது.

“பிள்ளையள், சீலையை விடுங்கோவன்! எவ்வளவு நேரம் பிடிக்கிறது?”

எழுதாத வசனம் ஒன்று உங்களிடமிருந்து வந்தது. “பொறுங்கோ ஐயா. அவன் உடுப்புப் போடுறான்.”

பெரியவர் சட்டென்று முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார், ஒரு வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவர் மாதிரி. அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாகத் தலைகள் குனிந்தன. நீங்கள் சீலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தீர்கள், நானும் உயர்த்தினேன். அன்றைக்குத்தான் உங்கள் தம்பிக்கு யாரோ ஒரு சாரம் கட்டிவிட்டது போல இருந்தது எனக்கு.

நேற்றும் அப்படித்தான் குனிந்தார்கள். நாடகம் முடிய ரிவி சனல்காரர் ஒருவர் வந்தார், இளம் பெடியன்.

“அருமை அக்கா. முழுசா எடுத்து வெளிநாட்டுக்கும் காட்டுவம். கடைசியிலை மட்டும் சீலையை விழுத்தி, பின்னுக்கு அந்த உண்மையான படத்தைப் பெரிசாப் போட்டால் எடுபடும்.”

பெறாமகள் என் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் கடைசியாகச் சொன்னது எங்கள் இருவருக்கும் தெரியும்: “இதை நாலு ஊர் பாக்க வேணும்.” மாட்டேன் என்று எழும்பினால் நாடகம் முரசுமோட்டையோடு நின்றுவிடும். ஓம் என்றால் உங்கள் தம்பியை மறுபடியும் கயிற்றில் தொங்கவிடுவேன். நான் அவரை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன்.

“படம் இல்லாட்டி ஆர் அக்கா பாப்பினம்?”

“இப்ப நீர் பாத்தனீர்தானே. சீலைக்குப் பின்னாலை என்னத்தைக் கண்டனீர்?”

“ஒண்டையும் காணேல்லை.”

“பிறகேன் தலையைக் குனிஞ்சு கொண்டிருந்தனீர்?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அதன்பிறகுதான் பேச்சு நேரானது.

பேசி முடித்தது இவ்வளவுதான், ரீச்சர். நாடகத்தை முழுவதும் எடுக்கலாம். கமரா சனம் இருக்கிற பக்கத்தில் மட்டும் நிற்கும், சீலைக்குப் பின்னால் வராது. அந்தப் படத்தை எந்த இடத்திலும் காட்டுவதில்லை. கடைசியில், தம்பி எங்கே என்ற உங்கள் கேள்வி எழுத்தில் வரும். எங்களுக்குக் காசு வேண்டாம். போகிற ஊருக்கெல்லாம் நாலு யார் வெள்ளைத்துணி என் கடையிலிருந்து வரும், ஒரு தலைப்பைப் பிடிக்க நானும் வருவேன்.