புகைக்குள் போன தம்பிக்கு

மரியே வாழ்க

கரிக்கலாம்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி பாக்யராஜுக்கு, அக்கா விஜயராணி எழுதிக்கொள்வது.

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உயிரோடு இருக்கிறோம். நீ சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. பெங்களூரில் நீ எவ்வளவு சௌக்கியமாக இருக்கிறாய் என்பதைத்தான் ஊரே போனில் பார்க்கிறதே. புதுச் சட்டை, புது முடிவெட்டு, தோளில் கை போட்டபடி நாலு பேர். நான் போன் செய்தால் எடுக்க மட்டும் உனக்கு நேரம் இல்லை. "கிட்டார் பெடல் எல்லாத்தையும் பேக் பண்ணி பஸ் பார்சல்ல போட்டு வுடுக்கா" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்ப மட்டும் நேரம் இருந்தது. சரி, போட்டு விடுகிறேன். போனை எடுக்காதவன் பார்சலையாவது பிரிப்பான் இல்லையா, அதனால்தான் இந்தக் கடிதத்தை டிலே பெடலுக்கு மேலே வைக்கிறேன். இதை முழுதாகப் படிக்காமல் உள்ளேயிருந்து ஒரு வயரைக்கூட நீ எடுக்கக் கூடாது.

கோபத்தை அடக்கிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. போன வாரம் உன் பேட்டியைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தவளக்குப்பம் ஷோவைப் பற்றிப் பேட்டி எடுக்கிற பெண் கேட்கிறாள். கிட்டார் வாசிக்கிறவர் புகையில் மறைந்துவிடுகிறார், அவர் வாசித்த சத்தம் மட்டும் மேடையில் நிற்கிறது, இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்கிறாள். நீ தாடியைத் தடவிக்கொண்டு, அது ஒரு கான்செப்ட், ஆள் இல்லாமையைப் பற்றி எங்கள் 'ஊமைவெயில்' பேண்டு ரொம்ப நாள் பேசி எடுத்த முடிவு என்கிறாய். யார் பேசினது? எப்போது பேசினது? டிரம்ஸ் அடிக்கிற நானும் பாடுகிற அருள்முருகனும் எந்த மரத்தடியில் உட்கார்ந்து உன்னோடு இல்லாமையைப் பற்றிப் பேசினோம்? உனக்கு வாய் கூசவில்லையா?

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியாது. நீதான் அங்கே இல்லையே. அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

கல்யாண மண்டபத்தில் டூம் மெட்டல் என்று இடி மாதிரி இழுத்து இழுத்து வாசிக்கிற கூத்து நம் பேண்டைத் தவிர வேறு எவருக்கும் வாய்க்காது. மைக்செட் முத்துசாமி அண்ணன், ரிசப்ஷனில் பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வரும்போது விடுகிற ஸ்மோக் மிஷினைக் கொண்டுவந்திருந்தார். "கடசிப் பாட்டுக்குப் பொக நெறைய வுடுங்கண்ணே, ஒண்ணுமே தெரியக் கூடாது" என்று நீ அவரிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். ஸ்டைலுக்குக் கேட்கிறாய் என்று நினைத்துக்கொண்ட மடச்சி நான்.

கடைசிப் பாட்டு வந்தது. நம்முடைய எல்லாப் பாட்டையும் போல அதுவும் எருமை நடைதான். அதன் கடைசிப் பகுதியில் அதே நாலு சுரம் திரும்பத் திரும்ப வரும். அந்த நாலையும் லூப்பர் பெடலில் ஒரு தடவை வாசித்து ஏற்றிக் காலால் அமுக்கிவிட்டால், கரண்ட் இருக்கும் வரைக்கும் அது தானாகவே பாடிக்கொண்டிருக்கும். வீட்டில் தனியாகப் பழகத்தான் என்று சொல்லி அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாய். நீ யாரை ஏமாற்றப் பழகினாய் என்று இப்போது தெரிகிறது.

டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குப் புகையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அருள்முருகனோ பாட ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொள்வான், பேஸ் கிட்டாரில் அவன் விரல் தானாக ஓடும். உன் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. எப்போதும் நீ ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மாதிரி பிந்துவாய், நான் உனக்காகக் கையை இழுத்துப் பிடித்து அடிப்பேன். மாதா கோவில் பாட்டுக்குழுவில் ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு அதுதான் வேலை. அன்றைக்கு ஒவ்வொரு சுற்றும் அச்சில் வார்த்த மாதிரி வந்து விழுந்தது. பரவாயில்லையே, தம்பி ஒழுங்காகப் பழகியிருக்கிறான் என்று நினைத்தேன். அந்தப் புகைக்குள் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டேன் பாக்யா. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. எல்லாவற்றையும் விட இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

நீ கிட்டாரின் கழுத்தை மேலே தூக்கினால்தான் பாட்டு முடியும், அதுவரை யாரும் நிறுத்தக் கூடாது. இது நீ போட்ட சட்டம். நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அடித்துக்கொண்டே இருந்தோம். என் கை மரத்துப்போனது. பாட வார்த்தை தீர்ந்து அருள்முருகன் வெறுமனே ஊளையிட்டுக்கொண்டிருந்தான். கூட்டம் சாமி வந்தது போலத் தலையை ஆட்டியது. கடைசியில் முத்துசாமி அண்ணனின் மிஷினில் ஊற்றியது தீர்ந்து புகை கலைந்தபோது பார்க்கிறேன், உன் கிட்டார் ஸ்பீக்கர் பாக்ஸில் சாய்ந்து நிற்கிறது. லூப்பரில் பச்சை விளக்கு எரிகிறது. நான் நிறுத்தினேன். அருள்முருகன் நிறுத்தினான். நீ நிறுத்தவில்லை. ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

எனக்கு ஒரே ஒரு நினைப்புதான் வந்தது. மழைக்காலத்தில் பாகூர் ஷோவில் மைக்கில் உன் உதடு பட்டு, ஷாக் அடித்து, நீ மல்லாக்க விழுந்தாயே, அதுதான். அதற்கப்புறம் ஒவ்வொரு மேடையிலும் டெஸ்டரை வைத்து எர்த் பார்க்காமல் உன்னை மைக் பக்கம் விட்டிருக்கிறேனா? அன்றைக்கும் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஆனாலும் எங்கேயோ தப்பு விட்டுவிட்டேன், தம்பி எங்கேயோ விழுந்து கிடக்கிறான் என்று ஓடிவந்து வயரைப் பிடுங்கினேன். அதற்கும் கை தட்டினார்கள். புகை வந்ததிலிருந்து நான் அழுதுகொண்டே பிடுங்கியது வரைக்கும் எவனோ வீடியோ எடுத்துப் போட்டு, பெரிய கலை என்று எழுதியிருக்கிறான்.

டிரம்ஸை ஏற்றிப் போக அப்பா வெளியே லோடு ஆட்டோவோடு காத்திருந்தார். நான் போட்ட கூச்சலில் உள்ளே ஓடிவந்தவர் மேடைப் பலகைக்கு அடியில் ஊர்ந்து போய்விட்டார். "பாக்யா, கொரல் குடுறா. டேய், எங்க இருந்தாலும் கொரல் குடுறா" என்று அடியிலிருந்து அவர் கத்தினது இன்னும் என் காதில் கேட்கிறது. அருள்முருகன் ஜெனரேட்டர் பக்கம் ஓடினான். நான் பின்னால் முள்ளுக்குள் செல்போன் லைட்டை அடித்துக்கொண்டு போனேன். அப்புறம்தான் முத்துசாமி அண்ணன் வந்து, "இன்னாம்மா தேடுறீங்க? உன் தம்பி அப்பவே பையைத் தூக்கிக்கினு ரோட்டாண்ட நின்ன வேன்ல ஏறிட்டானே. நீதான் எதுக்கோ அனுப்புறேன்னு நெனச்சேன்" என்றார். போனை எடுத்துப் பார்த்தால் உன் மெசேஜ். அக்கா, வண்டி ஏறிட்டேன், சொன்னா வுட மாட்டே, டோன்ட் வொரி.

நான் அங்கே உன் பிணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்டா. நீ அதற்குக் கான்செப்ட் என்று பெயர் வைக்கிறாய்.

சொன்னால் விடமாட்டேனா? ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்டுவிட்டுக் கிட்டார்தான் என்று நின்றபோது அப்பாவோடு உனக்காகச் சண்டை போட்டது யார், பக்கத்து வீட்டுக்காரியா? பெங்களூரில் பெரிய பேண்டில் கூப்பிடுகிறார்கள் என்று நீ சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், நிச்சயமாகக் கத்தியிருப்பேன். இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். மூன்றாவது நாள் உன் துணியை நானே மடித்துப் பையில் வைத்திருப்பேன். ஆள் உயர ஸ்பீக்கர் முன்னால் தினமும் நிற்கிறவனுக்கு, அக்கா கத்துவதைக் கேட்கத் தெம்பில்லாமல் போய்விட்டது.

இன்னொரு கூத்தையும் கேள். சென்னையில் இரண்டு நாள் மெட்டல் விழா நடத்துகிற கலைச்செல்வன் என்பவர் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். நாம் இத்தனை வருஷமாக ஏங்கினோமே, அந்த மாதிரி மேடை. உண்மையான சவுண்டு, உண்மையான லைட்டு. ஒரே நிபந்தனை, அதே மாதிரி செய்ய வேண்டும். லூப்பரும் புகையும் இருந்தால் போதும், கிட்டாருக்கு ஆளே தேவையில்லை என்றார். அருள்முருகன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அந்த மேடை எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் வேண்டும். அரியூர் ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுக்க அடுத்தவர் கையில் ஊசி குத்திவிட்டு வந்து நான் டிரம்ஸ் பழகினது எதற்காக? ஆனாலும் என் வாயில் முடியாது என்றுதான் வந்தது. எங்கள் பேண்டில் இருக்கிறவர்கள்தான் வாசிப்போம், இல்லாதவனை வைத்து வித்தை காட்ட மாட்டோம், இரண்டு பேராக வருகிறோம், இஷ்டம் இருந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். நாலு நாள் ஒரு சத்தமும் இல்லை. அருள்முருகன் என்னோடு சரியாகப் பேசவே இல்லை. அப்புறம் அவரே கூப்பிட்டு, கூட்டம் சேராத மத்தியான வேளையில் ஒரு இடம் கொடுத்திருக்கிறார். வெறும் நாற்காலிக்கு வாசித்தாலும் வாசிப்போம்.

அதனால் சத்தத்தைக் கரகரவென்று உடைக்கிற ஃபஸ் பெடல் இந்தப் பார்சலில் இருக்காது, தேடாதே. பழைய ரேடியோ டிரான்சிஸ்டரைப் பிரித்து, டிபன் டப்பாவில் வைத்து, தன் செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து அதைச் செய்தவன் அருள்முருகன். உன் சத்தம் என்று அங்கே எல்லோரும் புகழ்கிறார்களே, அதில் பாதி அந்த டப்பா போட்ட சத்தம். இனி அவன் பேஸ் அதில் போகும். போன வாரம் போட்டுப் பார்த்தோம், சுவரே அதிர்ந்தது. கிட்டார் இல்லாத குறை தெரிகிறதா என்று கேட்காதே.

மற்றதெல்லாம் இருக்கிறது. டிலே, ரிவெர்ப், ட்யூனர், அப்புறம் அந்தச் சனியன் பிடித்த லூப்பர். ரிவெர்ப்பின் அடாப்டரில் வெள்ளை டேப் சுற்றியிருக்கிறேன். மற்ற அடாப்டருக்கெல்லாம் பின்னின் நடுவில் மைனஸ், அது ஒன்றுக்கு மட்டும் பிளஸ். மாற்றிச் செருகினால் புகை வரும், அதைக் கான்செப்ட் என்று சொல்லி யாரும் கை தட்ட மாட்டார்கள். அங்கே உனக்கு எர்த் பார்ப்பது யார்? யாரும் பார்க்காவிட்டால் நீயாவது பார். பார்க்காமல் மைக்கில் வாயை வைக்காதே.

வீட்டு விஷயம். பிளாட் போட்ட இடத்தில் அந்தப் பாதி கட்டின வீட்டில் பழகுவோமே, சுவருக்குத் தண்ணீர் விடுகிறோம் என்று சொல்லி, அந்த வீடு பூசி முடிந்துவிட்டது. அடுத்த மாதம் பால் காய்ச்சுகிறார்கள். இனி எங்கே போய்ச் சத்தம் போடுவது என்று தெரியவில்லை. பலகைக்கு அடியில் ஊர்ந்ததில் அப்பாவுக்கு முழங்காலில் ஆணி கிழித்துச் சீழ் வைத்துவிட்டது, இப்போது ஆறி வருகிறது. உன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. யாராவது கேட்டால், பெங்களூரில் வேலை என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுகிறார்.

அம்மா நூறு நாள் வேலைக்குப் போய் வந்ததும் என் போனை வாங்கி அந்த வீடியோவைத்தான் பார்க்கிறாள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள். நேற்று ஒரு இடத்தில் நிறுத்தி, "ராணி, இங்க பாரு, போறதுக்கு மின்ன ஒரு வாட்டி உன்னத் திரும்பிப் பாக்குறான் பாரு" என்றாள். பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்குப் புகைதான் தெரிந்தது. ஆமாம்மா என்று சொல்லிவிட்டேன். நீ பார்த்தாயா இல்லையா என்பது உனக்குத்தான் தெரியும்.

பேட்டியில் சொன்னது பொய் என்று நீ ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். அருள்முருகனிடம் சொல், போதும். பேண்டுக்குத் திரும்பி வா என்றும் நான் கூப்பிடவில்லை. உனக்கு அந்த ஊர் பிடித்திருந்தால் அங்கேயே இருந்து பெரிய ஆளாகு. ஆனால் ஒரே ஒரு நாள் வந்துவிட்டுப் போ. பட்டப்பகலில் வா. வில்லியனூரில் இறங்கி எல்லோரும் பார்க்க வா. நான் கத்துவேன், நின்று கேள். அப்பா பேசமாட்டார், அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார். அம்மா போடுவதைச் சாப்பிடு. அப்புறம் வாசலில் நின்று, எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்து, போய்ட்டு வரேன் என்று சொல். சொல்லிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போ தம்பி, பஸ் ஏற்றிவிட நானே வருகிறேன். அதைச் சொல்கிற வரைக்கும் இந்த வீட்டில் நீ வெளியூர் போன பிள்ளை இல்லை, காணாமல் போன பிள்ளை.

வில்லியனூர் மாதா உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

கோபம் தீராத உன் அக்கா,
விஜயராணி